சுருக்குப்பையில் ஒரு போர்க்களம்

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, புகையிரதம் மூச்சிரைக்க மலையேறும் வழியில் றொசல்ல என்னும் சிறு நிலையம் உண்டு. அந்நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எமது மாமனார் வசிக்கின்றார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்; எண்பதைக் கடந்தவர். கடந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு எமது மனைவியின் தங்கை ரொறன்ரோவிலிருந்து தம் மகனுடன் அங்கு வந்திருந்தார். பையனுக்கு வயது பதினொன்று. பாட்டனும் பேரனும் ஒருவரையொருவர் பார்ப்பது அதுவே முதன்முறை.

பேரனுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. பாட்டனாரின் ஆங்கிலமோ துரைமாரிடம் கொழுந்தின் நிறையைச் சொல்வதற்குப் போதுமானதாக இருந்த ஆங்கிலம். ஆகவே இருவரும் முதல் இரண்டு நாள்களையும் புன்னகையிலேயே கழித்தனர். வெளியே செல்லலாமெனில் மழை விடவில்லை. வட்டவளைப் பகுதியின் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பையன் ஒரு பெட்டி நிறையப் போர்வீரர்களைக் கொண்டு வந்திருந்தான். ஒவ்வொரு வீரனும் 28 மில்லிமீற்றர் உயரம். அவன் தன் கையாலேயே வர்ணம் தீட்டியவை. குதிரைப் படையும் பீரங்கியும் உண்டு. அளவு நாடாவால் தூரத்தை அளந்து படையை நகர்த்த வேண்டும். தாயக்கட்டையை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்க்க வேண்டும். அதற்கு மூன்றடிச் சதுர மேசையாவது வேண்டும். மாமனார் வீட்டில் உள்ள ஒரே மேசையிலோ சோற்றுப் பானையும் மருந்துப் போத்தல்களும் நிரந்தரமாகக் குடியிருந்தன. படை பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இத்தகைய இடநெருக்கடி புதிதன்று. பிரஷ்ய நாட்டில் றைஸ்விற்ஸ் என்னும் அதிகாரி 1812ஆம் ஆண்டு தம் அரசருக்கு ஒரு போர் விளையாட்டைச் சமர்ப்பித்தார். ஏறக்குறைய ஆறடிச் சதுரமான மேசை. அதன்மேல் மலையும் ஆறும் ஊரும் தீட்டிய வில்லைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் புதுப்புதுக் களம் அமைக்கலாம். அரண்மனைக்கு அது தக்கதே. பாசறைக்கு எவ்வாறு கொண்டு செல்வது? அவருடைய மகன், பீரங்கிப் படையில் ஓர் இளம் அதிகாரி, 1824இல் அதற்கு வழி கண்டார். மேசையை நீக்கிவிட்டு 8000இல் ஒரு பங்காகச் சுருக்கிய நிலப்படத்தை வைத்தார். ஒரு கிலோமீற்றர் நிலம் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றரில் அடங்கிவிட்டது. படைகளோ சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளாயின. கருவிகள் யாவும் சுமார் 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்கின. அரசரின் மாளிகையில் அடைபட்டுக் கிடந்த விளையாட்டு இவ்வாறே படை அதிகாரிகளின் கைக்கு வந்தது. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் நூலொன்றை எழுதி, பொம்மை வீரர்களை மீண்டும் வீட்டின் தரையெங்கும் பரப்பிவிட்டார். அவர் வீட்டுத் தரை விசாலமானது போலும்!

மகன் றைஸ்விற்ஸின் வழியையே நாமும் பின்பற்ற முனைந்தோம். கணக்கு எளிது. ஓர் அங்குலத்தை அரைச் சென்ரிமீற்றராகக் கொண்டால், 36 அங்குல மேசை 18 சென்ரிமீற்றர்ச் சதுரமாகும். நான்காக மடித்தால் சட்டைப்பைக்குள் செல்லும். நாட்காட்டி அட்டையில் களம் வரைந்தோம். படைகளை அட்டைத் துண்டுகளாக வெட்டினோம். கணிதம் கற்பிக்கும் பெருமிதத்துடன் பாட்டனையும் பேரனையும் எதிரெதிரே அமர்த்தினோம்.

பத்து நிமிடத்தில் ஆட்டம் நின்றது. மாமனாரின் கண்ணில் புரை. அரைச் சென்ரிமீற்றர்த் துண்டு அவர் விரலுக்கும் அகப்படவில்லை, பார்வைக்கும் எட்டவில்லை. வேறொரு பிழையையும் நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பெரிய மேசையில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் யாரும் பொருட்படுத்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிய களத்தில் அதே பிசகு ஐந்து மடங்காகிவிடுகின்றது. “பெரியப்பா, அவர் தள்ளி வைக்கிறார்!” என்று பையன் ஆங்கிலத்தில் முறையிட்டான். கிழவர் எழுந்து இஸ்தோப்புக்குச் சென்றுவிட்டார். சேர்த்து வைக்கப் புறப்பட்டவர் பிரித்து வைத்தது போலாயிற்று. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை இஸ்தோப்புச் சிமெந்துத் தரையில் கரிக்கோடுகள் தென்பட்டன. உச்சியிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள்: ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும்; ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவிடாமல் மறிக்கும். மாமனார் வாய் திறக்காமல் கற்களை வைத்தார். பேரன் குந்தியிருந்து பார்த்தான். இரண்டாவது ஆட்டத்தில் அவன் கண்கள் விரிந்தன. இங்கே அளவு நாடாவுக்கு வேலை இல்லை. தூரம் முன்னரே அளந்து புள்ளிகளாக வைக்கப்பட்டிருக்கின்றது! எமக்குத் தோன்றியிருக்க வேண்டிய உண்மை அது. சிறு பரப்பில் அளப்பதை விட்டு எண்ணுவதற்கு மாற வேண்டும்.

பையனுக்குப் பீரங்கி வேண்டும். பதினைந்து ஆடுகளில் இரண்டு பீரங்கிகளாயின. கோட்டின் வழியே இரண்டு புள்ளி தூரம் சுடலாம். அடிபட்ட புலி தன் அடுத்த முறையை இழக்கும். “ஆட்டுக்குத் துப்பாக்கி கொடுத்தால் புலி என்ன செய்யும் மாப்பிள்ளை?” என்று மாமனார் எம்மிடம் வழக்குரைத்தார். புலிக்கு அடுத்தடுத்து இரு முறை தாண்டும் உரிமை வழங்கப்பட்டது. தாயக்கட்டை புகையிரதத்தில் உருண்டோடும் என்பதால், ஒருபுறம் தேய்த்த மூன்று புளியங்கொட்டைகள். இரண்டேனும் வெள்ளையாக விழுந்தால் குண்டு பட்டதாகக் கொள்ளலாம். எட்டு வகை விழுக்காட்டில் நான்கு அவ்வாறு அமையும். ஆக, சரிபாதி வாய்ப்பு. பையனின் விளையாட்டில் தாயக்கட்டை நான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்பதும் அதே சரிபாதிதான்.

களத்திற்குப் பழைய கம்பளி ஒன்றை வெட்டினோம். மலைநாட்டில் மழைக்குப் போர்த்திய கம்பளிக்கு இப்படியும் ஒரு பயன்! சொரசொரப்பான அத்துணியில், வண்டி எவ்வளவு ஆடினாலும் பொத்தான் வழுக்காது. மை அதில் நிற்காததால் மனைவியார் மஞ்சள் நூலால் கோடுகளைத் தைத்தார். சட்டைப் பொத்தான்கள் 13 வெள்ளையும் 2 சிவப்புமாகப் படையாயின. கோட்டுப் பொத்தான்கள் மூன்று புலிகளாயின. கிழவரின் விரல்களுக்கு அவை நன்கு அகப்பட்டன. கம்பளியைச் சுருட்டிப் பொத்தான்களோடும் கொட்டைகளோடும் வைத்தால், மாமனாரின் வெற்றிலைச் சுருக்குப்பை போதும். வர்ணம் தீட்டிய வீரர்களின் அழகு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பையனும் அதைச் சொல்லத் தவறவில்லை.

புறப்படும் நாளில் றொசல்ல நிலையத்து வாங்கில் அமர்ந்து, வண்டி வரும்வரை ஆடினர். ஆட்டம் பாதியில் நிற்க, வண்டி வந்துவிட்டது. பையன் பொத்தான்கள் இருந்த இடங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். அதற்காகவே புள்ளிகளுக்கு 1 முதல் 23 வரை இலக்கமிட்டோம். வீட்டில் இன்னொரு கம்பளித் துண்டு மாமனாருக்காகத் தைக்கப்பட்டது.

ரொறன்ரோவில் சனிக்கிழமை இரவாகும்போது றொசல்லவில் ஞாயிறு காலை. தொலைபேசி மணி அடிக்கும். நலம் விசாரிப்பதற்கு இருவருக்கும் இன்னமும் சொற்கள் போதா. சென்ற வாரம் நாம் அங்கிருந்தபோது, பாட்டனார் புலியை நகர்த்திவிட்டு “பன்னிரண்டு” என்றார். நெடுநேரம் மௌனம். பின்னர் அங்கிருந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்தது போல், “பதி...னேழு, தாத்தா” என்று குரல் வந்தது. மாமனார் கம்பளியின்மேல் குனிந்து பதினேழாம் புள்ளியைத் தடவிப் பார்த்து, ஒரு சட்டைப் பொத்தானை அங்கே வைத்தார்.