உப்பளத்தில் ஊறும் சிவப்பு

இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் மாரியூர், வாலிநோக்கம் பக்கம் கோடையில் போகிறவர்கள் உப்பளத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடலிலிருந்து நிறமில்லாமல் வரும் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறிச் சுண்டி, உப்பு இறங்கும் தறுவாயில் ரோஜா நிறம் ஏறி, சில சமயம் செங்கல் நிறத்துக்கே போய்விடும். வெளியூர்க்காரர்களுக்குச் சாயக்கழிவு கலந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். அந்த நிறம் முழுக்க முழுக்க உயிர்களின் வேலை.

1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் இங்கேதான் இருக்கின்றன. அளத்தில் எல்லாமே டிகிரிக் கணக்கு; வெப்பத்தின் டிகிரியல்ல, தண்ணீரின் உப்புச் செறிவைச் சொல்லும் டிகிரி. கடல் தண்ணீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 29, 30-ஐத் தொட்டால் மக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும் என்று மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். மீன் பிழைக்க முடியாத, சாதாரணப் பாசி முளைக்காத இந்த நீரில்தான் சிவப்பு பிறக்கிறது.

முதல் காரணம், துனலியெல்லா சலினா என்ற ஒற்றைச் செல் பாசி. பிரான்சின் தென்கரை உப்பளங்களில் 1838-இல் இதைக் கவனித்த மிஷெல் ஃபெலிக்ஸ் துனால் என்பவரின் பெயரை, 1905-இல் இதற்குச் சூட்டினார்கள். இதற்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது. வெளியே இருக்கும் உப்பு உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிவிடாதபடி, செல்லுக்குள் கிளிசரால் சேர்த்துவைத்துக்கொள்ளும். உப்பும் வெயிலும் மிஞ்சும்போது பீட்டா கரோட்டினைக் குவித்துக்கொள்ளும். கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே பொருள்தான். நல்ல வெயிலில் வளர்ந்த துனலியெல்லாவின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை பீட்டா கரோட்டினாகவே இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் இதற்காகவே இந்தப் பாசியை வளர்க்கிறார்கள்.

உப்பு இறங்கும் பாத்திகளில் இதையும் மிஞ்சுபவை, ஆர்க்கியா இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள். பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் இவை தனிக் குலம். அவற்றில் ஒன்று சதுர வடிவம் கொண்டது. அதைச் சினாய் பகுதியின் உப்புக் குட்டையில் ஆன்டனி வால்ஸ்பி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து, 1980-இல் அறிவித்தார். பாக்டீரியோரூபெரின் என்ற செந்நிறமி, இந்த உயிர்களைக் கடும் வெயிலின் தாக்குதலிலிருந்து காக்கிறது. அளக்காரர்களுக்கு இவற்றால் ஆதாயமும் உண்டு: சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக உள்வாங்கிச் சூடேறுவதால் வேகமாக ஆவியாகிறது.

கல் உப்பின் பரலுக்குள் சிக்கிய நீர்த்துளியிலும் இந்த ஆர்க்கியாக்கள் உயிரோடு இருக்கும். அந்த உப்பில் போட்ட கருவாடு சரியாகக் காயாவிட்டாலோ, ஈரக்காற்றில் கிடந்தாலோ, மேலே இளஞ்சிவப்பாகப் பூக்கும். இவை நோய் தருபவை அல்ல. ஆனால் மீனின் புரதத்தைச் சிதைத்து நாற்றம் கிளப்பி, சரக்கையே வீணாக்கிவிடும்.

2020 ஜூனில் மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி ஒரேயடியாகச் சிவந்தபோது நாடே வியந்தது. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்தது: தண்ணீர் வற்றி உப்பு கூடியதில் பெருகியவை இதே வகை ஆர்க்கியாக்கள்தான். அங்கே செய்தியானது, நம் பக்கத்தில் உப்பு விளைச்சலோடு கூடவே வருவது.

இந்தச் சிவப்பு தண்ணீரோடு நிற்பதில்லை. உப்பு இன்னும் முற்றாத நடுப் பாத்திகளில் ஆர்டீமியா என்ற சிற்றிறால் வாழ்கிறது. துனலியெல்லாவை வடிகட்டித் தின்கிறது. தின்ற கரோட்டினைக் காந்தாக்சாந்தின் என்ற செந்நிறமியாக மாற்றிக்கொள்கிறது. ஆர்டீமியாவைத் தின்ன வருவது பூநாரை. ஜவுளிக்கடையிலும் பெயின்ட் அட்டையிலும் 'ஃபிளமிங்கோ பிங்க்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதே, அந்த நிறத்துக்குப் பெயர் தந்த பறவை. 1811-இல் பல்லாஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, ரோஜா நிறம் என்று பொருள்படும் 'ரோசியஸ்' என்ற சொல்லையே தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்த நிறத்தைப் பறவையால் தானே உண்டாக்க முடியாது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் பொரிக்கும். இறகு சிவக்கச் சில ஆண்டுகள் ஆகும். விலங்குக் காட்சிச் சாலையில் தீனியில் நிறமி சேர்க்காவிட்டால் வளர்ந்த பறவையும் வெளுத்துப்போகும். தாயும் தந்தையும் குஞ்சுக்கு ஊட்டும் தொண்டைப்பால்கூட இரத்தச் சிவப்பாக இருப்பது இந்த நிறமியால்தான்.

இதைவிட என்னை வியக்க வைத்தது, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. வாலடிச் சுரப்பியில் ஊறும் நிறமி கலந்த எண்ணெயைப் பூநாரைகள் கழுத்திலும் முதுகிலும் தேய்த்துக்கொள்கின்றன. இணை தேடும் காலத்தில் இது அதிகம்; குஞ்சு பொரித்த பின் குறைந்துவிடுகிறது. நிறம் கூடிய பறவைகள் முன்னதாகவே கூடு கட்டத் தொடங்குகின்றன. இரை நன்றாகத் தேடத் தெரிந்தவருக்கே அந்தப் பூச்சும் வாய்க்கும்.

நம் கரைக்கு வரும் பெரிய பூநாரை, ஆப்பிரிக்காவின் சிறிய பூநாரை அளவுக்குச் சிவந்ததல்ல. நிற்கும்போது ஏறக்குறைய வெள்ளை. பறந்தால்தான் கருஞ்சிறகுகளுக்கு மேலே செக்கச்சிவந்த பட்டை விரியும். பார்க்க விரும்புகிறவர்கள் அதற்காகப் பறவையை விரட்டக் கூடாது. ஒவ்வொரு விரட்டலிலும் அது தின்ன வந்த நேரம் போகிறது.

2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் பூநாரை ஒரே நீர்நிலையை நம்பியிருக்கும் பறவையல்ல. மட்டம் ஏறினாலோ இரை குறைந்தாலோ அடுத்த கழிக்குப் போய்விடும். அதன் நிறமும் உடலும் உப்பங்கழி, சேற்றுவெளி, வேலை நடக்கும் உப்பளம் எல்லாவற்றிலும் சேர்ந்தே தேறுகின்றன. ஆகவே பறவைக் கணக்கெடுப்பில் தலைகளை எண்ணுவதோடு, அந்தந்தத் தண்ணீரின் டிகிரியையும் ஆர்டீமியா இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும். டிகிரி பார்க்க வாலிநோக்கத்து அளத் தொழிலாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கெடுப்புக்கு அவர்களையும் அழைக்கலாம்.