எட்டுக்கால் பூச்சியா?

குட்டீஸ், சிலந்தியை நாம் எப்படிச் சொல்வோம்? 'எட்டுக்கால் பூச்சி' என்போம், இல்லையா? நானும் ஒருநாள் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். உடனே ஒரு மாணவன் எழுந்தான். "தப்பு டீச்சர்! பூச்சிக்கு ஆறு கால்தான். சிலந்தி பூச்சியே இல்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "அதிகப்பிரசங்கி, உட்கார்!" என்று அதட்டிவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது.

வீட்டில் புத்தகத்தைப் புரட்டினேன். அவன் சொன்னதுதான் சரி! மறுநாள் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லி, அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

அவனுக்கு ஆட்டிசம் இருந்தது. இது நோயல்ல, தொற்றாது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. இவர்களில் பலருக்கு, காதில் விழுந்த தவறு செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்தும். திருத்திச் சொன்னால்தான் நிம்மதி. நம்மை மட்டம் தட்டுவது அவர்கள் நோக்கமல்ல. எப்போது சொல்வது என்பதுதான் சட்டென்று பிடிபடாது. நீங்கள் ஜாடை காட்டினால் புரியாமல் போகலாம். "நான் பேசி முடித்ததும் சொல்" என்று அன்பாக, நேராகச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2007-ல் ஐ.நா. சபை அறிவித்தது. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு நண்பன் இருந்தால் கேலி செய்யாதீர்கள். அவன் திருத்தியது சரியென்றால், "நன்றி" சொல்லுங்கள். எனக்கு அன்று பாடம் நடத்தியது அவன்தானே!