கள்ளி விதையை மண்ணால் மூடாதீர்கள்

பெங்களூரு லால்பாக்கில் ஜனவரி மலர்க் கண்காட்சி முடிந்ததும் கள்ளி விதை வாங்கி வந்தவர்கள் அந்த வாரமே தூவிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுக்கலாம். பெரும்பாலான கள்ளி விதைகள் நன்றாக முளைப்பது 20 முதல் 30 டிகிரிக்குள். ஜனவரி இரவுகளில் பெங்களூரு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். விதை ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். மார்ச், ஏப்ரலில் பகல் 33, இரவு 20க்குச் சற்று மேல். இந்த ஏற்ற இறக்கமே பல கள்ளிகளுக்குப் பிடித்தமானது.

சலித்த ஆற்று மணலையும் தேங்காய் நார்த்தூளையும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். அடியில் துளையுள்ள ஆழமில்லாத டப்பாவில் நிரப்பி, விதையை மேலே தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். மண் போடவே கூடாது.

இதுதான் பலரும் நம்பத் தயங்கும் இடம். மம்மிலேரியா போன்ற கள்ளிகளின் விதை கடுகைவிடச் சிறியது. உள்ளிருக்கும் உணவு மிகக் குறைவு. ஆழத்தில் முளைத்தால் வெளிச்சத்தை எட்டும் முன்பே தீர்ந்துவிடும். அதனால் ஒளி பட்டால்தான் விழிக்கிறது. விதையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்து முளைக்கச் சொல்கிறது. இலை நிழலில் மிகுந்திருக்கும் தொலைசிவப்பு ஒளி அதைத் தடுக்கிறது. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் லெட்யூஸ் கீரை விதையில் இதைக் காட்டினார்கள். அரிசோனாவின் ராட்சதக் கள்ளியான சகுவாரோவின் விதைக்கும் ஒளி வேண்டும்.

நீர் தெளித்துக் கண்ணாடித்தாளால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம்: மூடிய டப்பாவுக்குள் வெப்பம் 40ஐத் தாண்டி நாற்று வெந்துபோகும். வெளிச்சம் போதாத வீட்டில் வெள்ளை எல்இடி விளக்கைத் தினமும் 12 மணி நேரம் எரியவிடலாம்.

ஆஸ்ட்ரோபைட்டம் வகைக் கள்ளி சில நாட்களிலேயே முளைக்கும். சப்பாத்திக்கள்ளிக்குத் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பிறகு நாற்றின் நிறத்தைப் பாருங்கள். வெளிறி நீண்டால் ஒளி குறைவு, சிவந்தால் அதிகம்.

முள் தெரிந்ததும் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள். பட்டாணி அளவாவது வளரும்வரை தனித் தொட்டிக்கு மாற்றாதீர்கள். அதற்குப் பல மாதங்கள் ஆகும்.