வீட்டு ஷெட்டில் கார் லிப்ட்: வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

பிழைப்புத் தேடி தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, கார் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றுக் கொண்டவர்கள் பலர். பையனாக ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, நாளடைவில் கைதேர்ந்த மெக்கானிக் ஆகிறார்கள். பிறகு வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டுச் சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள். ஜே.சி. ரோட்டில் உதிரிப் பாகம் வாங்கி வந்து, தெருவோரம் வண்டியை நிறுத்தி, ஜாக்கி கொடுத்து, கோணிச் சாக்கை விரித்து அடியில் படுத்து வேலை செய்கிறார்கள்.

இவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. பெரிய கம்பெனி சர்வீஸ் நிலையங்களில் இருப்பது போல, காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் லிப்ட் ஒன்று நம் ஷெட்டிலும் இருந்தால் என்ன?

நியாயமான ஆசை தான். நாள் முழுவதும் தரையில் படுத்து எழுந்தால் நாற்பது வயதிலேயே இடுப்பு பிடித்துக் கொள்கிறது. கிளட்ச் மாற்ற ஒரு நாள் ஆகிற இடத்தில் அரை நாளில் வேலை முடிந்தால் வருமானமும் கூடும். ஆனால் லிப்ட் என்பது பீரோ வாங்குவது போன்ற காரியம் அல்ல. விலை லட்சத்தைத் தாண்டும். தவறாக நிறுத்தினால், ஒன்றரை டன் இரும்பு தலைக்கு மேல் தொங்கிக் கொண்டிருக்கும். ஆகவே பணத்தை எண்ணுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

எண்ணெய் தூக்குகிறது, இரும்பு தாங்குகிறது

லிப்டின் தத்துவம் பழையது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்னார். 1 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனை 20 கிலோ எடையால் அழுத்தினால், 50 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் 1,000 கிலோவைத் தூக்கும். 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு உரிமை பெற்றார். 1925-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி, காரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்டைச் செய்தார். சலூன் நாற்காலி மேலே எழுவதைப் பார்த்துத் தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது என்பார்கள்.

இதில் மெக்கானிக் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. எண்ணெய் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால், அல்லது ஹோஸ் வெடித்தால், எண்ணெய் வெளியேறி வண்டி கீழே இறங்கி விடும். அதனால் தான் நல்ல லிப்டில் தூணுக்குள் இரும்புப் பூட்டு வைத்திருக்கிறார்கள். வண்டி மேலே போகும் போது டக், டக் என்று சத்தம் கேட்கும். வேண்டிய உயரம் வந்ததும் சற்றே இறக்கி, எடை முழுவதும் இரண்டு பக்கப் பூட்டின் மேலும் உட்காரும்படி செய்ய வேண்டும். அதற்குப் பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கிக்கும் இதே விதி தான். ஜாக்கியால் தூக்கலாம், தாங்க வேண்டியது ஸ்டாண்ட்.

எத்தனை வகை?

இரண்டு தூண் லிப்ட்: ஒர்க் ஷாப்புகளில் அதிகம் காண்பது இதுவே. நான்கு கைகள் காரின் அடிச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கும். சக்கரங்கள் தொங்குவதால் பிரேக், சஸ்பென்ஷன், கியர் பெட்டி என்று எல்லா வேலைக்கும் வசதி. ஆனால் தூண்களைத் தரையில் ஆணி போல்ட்டால் இறுக்கியாக வேண்டும்.

நான்கு தூண் லிப்ட்: வண்டி இரண்டு பலகைகளின் மேல் ஏறி நிற்கும். எளிதில் சாயாது. ஆயில் மாற்றவும், சைலன்சர் வேலைக்கும், வீல் அலைன்மென்டுக்கும் ஏற்றது. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் பலகைகளுக்கு நடுவே தனி ஜாக்கி வேண்டும். இடத்தையும் அடைக்கும்.

கத்தரிக்கோல் லிப்ட்: தரையில் மடங்கிக் கிடந்து, கத்தரிக்கோல் போல் விரிந்து தூக்கும். சில மாடல்களைச் சக்கரம் வைத்து உருட்டிச் செல்லலாம். இடுப்பு உயரம் தூக்குகிற வகை டயர், பிரேக், டிங்கரிங் வேலைக்குப் போதும். ஆனால் வண்டியின் நடுப் பகுதியை லிப்டே மறைத்துக் கொள்வதால் கியர் பெட்டியை இறக்குவது கஷ்டம்.

உயரக் கணக்கு

பெங்களூரில் பலருடைய வீடு 30-க்கு 40 அடி மனையில் அமைந்தது. கீழ்த் தளத்தில் கார் நிறுத்துமிடம். அதன் கூரை 9 அல்லது 10 அடி. இப்போது கணக்குப் போடுங்கள். சிறிய காரின் உயரம் சுமார் 5 அடி. இன்னோவா போன்ற வண்டி கிட்டத்தட்ட 6 அடி. நீங்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய வண்டி 6 அடி மேலே போக வேண்டும். ஆக 11 முதல் 12 அடி தேவை. இரண்டு தூண் லிப்டில் தூணே 9 அடிக்கு மேல் இருக்கும். தூண்களின் உச்சியை இணைக்கும் சட்டம் உள்ள வகைக்கு 12 அடி வரை வேண்டும்.

கான்கிரீட் கூரைக்குக் கீழே இது நடக்காது. அங்கே இடுப்பு உயர கத்தரிக்கோல் லிப்ட் வாங்கி, உருளும் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்வதே புத்திசாலித்தனம். பக்கத்துக் காலி மனையில் உயரமான தகர ஷெட் போட்டிருப்பவர்கள் மட்டும் இரண்டு தூணை நினைக்கலாம்.

தரை தான் உயிர்

இரண்டு தூண் லிப்டின் பாரம் முழுவதும் இரண்டு சிறு தகடுகளின் வழியாகத் தரைக்குள் இறங்குகிறது. நிறுத்தும் இடத்தில் குறைந்தது 4 அங்குல கனத்தில் நல்ல கான்கிரீட் வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 6, 8 அங்குலம் கேட்பவர்களும் உண்டு. உங்கள் லிப்டின் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சட்டம். வெடிப்பு உள்ள இடத்திலோ, தளத்தின் விளிம்புக்குப் பக்கத்திலோ போல்ட் அடிக்கக் கூடாது. டைல்ஸ், கடப்பைக் கல் இருந்தால் பெயர்த்து விட்டு, கான்கிரீட்டின் மேல் தான் தகடு உட்கார வேண்டும். புதிதாகக் கான்கிரீட் போட்டால் முழு பலம் பெற 28 நாள் ஆகும். அவசரப்படுவதில் பயன் இல்லை.

இந்த ஊர் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காவேரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சம்ப் தொட்டி பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் தான் இருக்கிறது. மேலே நடந்து போனால் கெட்டித் தரை போலவே தெரியும். அடியிலோ வெற்றிடம்! சம்ப் மேலும் செப்டிக் டாங்க் மேலும் எக்காரணம் கொண்டும் லிப்ட் நிறுத்தக் கூடாது. தொட்டி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை வீட்டுக்காரரையோ, கட்டிய மேஸ்திரியையோ கேட்டு, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்து விடுங்கள்.

வாடகை இடமானால் துளை போட வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் பணத்தில் பிடித்துக் கொண்டால் சண்டை தான் மிச்சம். இடம் மாற வேண்டியவர்களுக்கு உருட்டிச் செல்லும் கத்தரிக்கோல் லிப்டே நல்லது.

எடையும் மின்சாரமும்

2014-இல் உற்பத்தி நின்று போன மாருதி 800 சுமார் 650 கிலோ தான். இன்னோவா கிரிஸ்டா சுமார் 1,800 கிலோ. மின்சாரக் கார்களில் பேட்டரியின் கனம் வேறு சேர்கிறது. 4 டன் லிப்ட் என்றால் நான்கு கைகளுக்கும் சேர்த்து 4 டன்; ஒரு கைக்கு 1 டன் தான். முன் சக்கரம் இழுக்கும் கார்களில் எடை முன்பக்கமே அதிகம் என்பதால் கைகளின் மேல் பாரம் சமமாக விழாது. அதனால் எப்போதும் கொஞ்சம் கூடுதல் சக்தி உள்ளதாகவே வாங்க வேண்டும்.

சிங்கிள் பேஸ் 230 வோல்ட் மோட்டாரா, திரீ பேஸ் மோட்டாரா என்று முதலிலேயே கேளுங்கள். 2.2 கிலோவாட் மோட்டார் ஓடும் போது சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் போது அதைப் போலப் பல மடங்கு. கிரைண்டருக்குப் போட்ட பிளக்கில் இதைச் செருகக் கூடாது. மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் கணக்கிடுவார்கள். மாநகராட்சியின் தொழில் உரிமத்தையும் மறக்க வேண்டாம்.

பழைய லிப்ட் மலிவாகக் கிடைத்தால்

மூடிய ஒர்க் ஷாப்பிலிருந்து பாதி விலைக்கு லிப்ட் வருவது உண்டு. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தை மாற்ற வேண்டும். ஸ்க்ரூ வகை லிப்டில் பாரம் தாங்கும் நட்டுக்குக் கீழே ஒரு காவல் நட்டு இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி குறையக் குறைய, மேல் நட்டு தேய்கிறது என்று பொருள். ஒரு வண்டியை ஏற்றி, பூட்டு இரு பக்கமும் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சக்தி, தயாரித்த ஆண்டு பொறித்த தகடு இல்லாத லிப்டைத் தொடவே வேண்டாம். புதியது வாங்குபவர்களுக்கு கோயம்புத்தூரிலேயே லிப்ட் செய்யும் கம்பெனி இருக்கிறது. எங்கே வாங்கினாலும், சீலும் வடமும் உள்ளூரில் கிடைக்குமா, பொருத்தித் தர ஆள் வருவாரா என்று கேட்டு வாங்குங்கள்.

பணத்துக்கு, 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டம் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவில் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் பெறலாம்.

தூக்கும் முறை

முதலில் காரின் புத்தகத்தைப் பார்த்து, தூக்க வேண்டிய நான்கு இடங்களைக் கண்டு கொள்ளுங்கள். மின்சாரக் காரில் இது மிக முக்கியம். லிப்டின் கை பேட்டரிப் பெட்டியின் மேல் பட்டால் பேட்டரி நசுங்கும். ரப்பர் திண்டுகள் சரியாக உட்கார்ந்த பின், சக்கரம் தரையை விட்டு அரை அடி எழும்பியதும் நிறுத்துங்கள். பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி, மறுபடி வையுங்கள். ஆடவில்லை என்றால் மட்டும் மேலே ஏற்றுங்கள்.

என்ஜினையோ கியர் பெட்டியையோ இறக்கும் போது எடை பின்பக்கம் மாறி விடும். அப்போது வண்டி பின்னால் சாயாமல் இருக்க உயரமான ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். இறக்கும் போது முதலில் சற்று மேலே தூக்கினால் தான் பூட்டு விலகும். அதனால் வண்டி மேலே இருக்கையில் கரண்ட் போனால், கரண்ட் வரும் வரை காத்திருங்கள். கம்பியை விட்டு நெம்பிப் பூட்டை விலக்கப் பார்ப்பது உயிருக்கு உலை வைக்கும். வண்டிக்குள் ஆள் இருக்கும் போது ஏற்றவே கூடாது.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஆபீஸ் வேலை பார்த்துக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காருக்கு ஆயில் மாற்றுகிற நண்பர்களுக்கு லிப்ட் அவசியம் இல்லை. நல்ல டிராலி ஜாக்கி ஒன்று, 3 டன் ஸ்டாண்ட் இரண்டு ஜோடி, சக்கரத்துக்குக் கட்டை ஆகியவை போதும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வைத்துத் தூக்குங்கள். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக்கு உதவா. பார்க்கக் கெட்டியாக இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

குழி தோண்டி வேலை செய்வது மலிவு தான். ஆனால் பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி. வாயுவும் காற்றை விடக் கனமானவை. குழியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குழியானாலும் லிப்டானாலும் கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

பையன்களை அனுப்பாதீர்கள்

உடல் சிறிதாக இருக்கிறதே என்று ஊரிலிருந்து வந்த பையனை வண்டிக்கு அடியில் அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை செய்கிறது.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஷெட்டுக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. கிடையாது. அடிபட்டால் பார்ப்பார் இல்லை. 2015-இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில், 2022 ஜூனிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். விபத்தில் உயிர் போனாலோ, முழு ஊனமானாலோ 2 லட்சம் ரூபாய். முதலாளியும் தொழிலாளியும் இன்றே வங்கிக்குப் போய்ச் சேர்ந்து விடுங்கள். லிப்ட் வாங்குவது பற்றி அடுத்த மாதம் யோசிக்கலாம்.