மாதிரிக் கப்பலுக்கு எந்த ரம்பம்?

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘ரஜூலா’ என்ற பெயரைச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் ஏறிய நம்மவர்களைப் பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் பல ஆண்டுகள் கொண்டுவந்து இறக்கியது.

கிள்ளானில் நான் படிப்பிக்கும் பள்ளியில் படிவம் 4 மாணவர்கள் நால்வர், கண்காட்சிக்காக அந்தக் கப்பலை மரத்தில் செய்ய ஆசைப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தியின் கொள்ளுத்தாத்தா அதில் வந்தவர். ஒருநாள் கைப்பேசியோடு என்னிடம் வந்தார்கள். “சார், இணையத்தில் சின்ன மேசை ரம்பம் விற்கிறார்கள். இதுதான் அதிக வாட். இதையே வாங்கலாமா?”

வாட்டைப் பிறகு பார்ப்போம் என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரம்பம் எதற்கு?

மேசை ரம்பத்தில் வட்டமான பிளேடு மேசையின் நடுவிலுள்ள பிளவு வழியாக மேலே நீட்டிக்கொண்டு சுழலும். நாம் மரத்தை அதை நோக்கித் தள்ளுகிறோம். மரம் கோணாமல் செல்ல, பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு நேரான சட்டம் இருக்கும். அதை வழிகாட்டிச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். பிளேடுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளிதான் வெட்டி எடுக்கும் பட்டையின் அகலம்.

கப்பலின் மேல்தளத்தில் 15 செ.மீ. அகலப் பலகைகள் பதிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 1:100 அளவில் செய்தால் ஒவ்வொரு பலகையும் 1.5 மி.மீ. மட்டுமே. அப்படி 40 பட்டைகளை அடுத்தடுத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றும் வெறும் 0.2 மி.மீ. கூடிப்போனால், 40 பட்டைகளில் 8 மி.மீ. கூடிவிடும். அது ஐந்து பலகைகளின் அகலத்துக்கும் மேல்! பிழை சிறிதுதான், ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். கையால் வெட்டும்போது இதைத் தவிர்ப்பது கடினம். ரம்பத்தில் சட்டத்தை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில் வரும்.

எனவே முதல் சோதனை சட்டத்துக்குத்தான். அதை இறுக்கிய பிறகு, பிளேடின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இடைவெளியை வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விரலால் தள்ளினால் சட்டம் அசைந்தால் அந்த ரம்பம் வேண்டாம்.

மெல்லிய பிளேடு, மிச்சமாகும் மரம்

பிளேடு தன் தடிமன் அளவு மரத்தைத் தூளாக்கிவிடும். 100 மி.மீ. அகலப் பலகையிலிருந்து 1.5 மி.மீ. பட்டைகளை எடுக்கிறோம். வெட்டின் அகலம் 0.5 மி.மீ. என்றால் 50 பட்டைகள் கிடைக்கும். தச்சர்களின் பெரிய ரம்பத்தைப் போல 2 மி.மீ. என்றால் 29தான். மீதி எல்லாம் தூள்.

பற்களையும் எண்ணிப் பாருங்கள். மெல்லிய மரத்தைக் குறைந்தது இரண்டு மூன்று பற்களாவது ஒரே நேரத்தில் தொட வேண்டும். இல்லாவிட்டால் மரம் பிய்ந்துவிடும்.

மரமும் முக்கியம். நம் நாட்டின் ஜெலுத்தோங் மாதிரி செய்வோருக்குப் பிடித்தமானது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதி. மென்மையானது, நார் நேராக ஓடும். ஒரு காலத்தில் இந்த மரத்தின் பாலிலிருந்து சூயிங்கம் செய்தார்கள். பால்சா மரமோ இதைவிட மிக இலேசானது. மெல்லிய பால்சாவுக்குக் கூர்மையான கத்தியும் இரும்பு அளவுகோலும் போதும், ரம்பமே தேவையில்லை.

சிறியது என்று எண்ணாதீர்கள்

80 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 7,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 3.14 × 0.08 = ஏறத்தாழ 0.25 மீட்டர். அப்படியானால் ஒரு பல் வினாடிக்கு 29 மீட்டர், அதாவது மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்படும் உச்ச வேகமே 110 கி.மீ.தான்!

கண் பார்த்துக் கை விலக சுமார் 0.2 வினாடி ஆகும். அதற்குள் பிளேடு 23 முறை சுற்றிவிடும். ‘சட்டென்று கையை எடுத்துவிடுவேன்’ என்பது இங்கே செல்லாது. பாதுகாப்பு நம் சுறுசுறுப்பில் இல்லை. கருவியின் அமைப்பிலும் நம் பழக்கத்திலும்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் அறிஞர் 1999ஆம் ஆண்டு இதற்கு ஒரு வழி கண்டார். பிளேடில் சிறு மின்சமிக்ஞை இருக்கும். விரல் பட்டதும், மின்கடத்தியான நம் உடலால் அந்தச் சமிக்ஞை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களில் சிக்கி, சுமார் 5 மில்லி வினாடியில் பிளேடை நிறுத்திவிடும். ஆனால் மாதிரி செய்வோர் வாங்கும் சிறிய ரம்பங்களில் இந்த வசதி இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய முதல் ரம்பத்தில் சட்டம் சற்றே கோணல். முன்னால் 20 மி.மீ., பின்னால் 19.6 மி.மீ. மரம் பின்பக்கத்தில் நெருக்குண்டது. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அவை மரத்தைத் தூக்கி என் பக்கமே எறிந்தன. காதோரம் பறந்து போய்ச் சுவரில் மோதியது. நான் பிளேடுக்கு நேர் பின்னே நிற்காமல் ஓரமாக நின்றதால் தப்பித்தேன். இதைத் தடுக்கவே நல்ல ரம்பங்களில் பிளேடுக்குப் பின்னால், வெட்டிய பிளவு மூடிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும் ஒரு சிறு தகடு இருக்கும். அது இல்லாத ரம்பத்தை வாங்காதீர்கள்.

இப்போது வாட்டைப் பார்க்கலாம்

24 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் ரம்பத்துக்கு மின்திறன் 24 × 4 = 96 வாட். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெலுத்தோங்கை மெதுவாகத் தள்ளி வெட்ட இதுவே போதும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் கருவியை இங்கே நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எத்தனை நல்ல ரம்பமானாலும் சில பழக்கங்கள் கட்டாயம். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இயக்கக் கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. கையுறை வேண்டாம், பல் அதைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்கும் கூந்தல், பாஜு கூரோங்கின் அகலக் கை, கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். கடைசிப் பகுதியை விரலால் அல்ல, குச்சியால் தள்ளுங்கள். மரத்துக்கு மேல் பிளேடின் பற்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

அந்த நால்வரும் அதிக வாட் ரம்பத்தை வாங்கவில்லை. அசையாத சட்டமும், மெல்லிய பிளேடும், பிரிப்புத் தகடும் உள்ள சிறிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பட்டையை அளந்தபோது 1.7 மி.மீ. காட்டியது. யாரும் அதை ஒட்டவில்லை. சட்டத்தை நகர்த்தி மறுபடியும் வெட்டினார்கள். இரண்டாவது பட்டை 1.5. கொள்ளுத்தாத்தாவின் கப்பலுக்கு அதுதான் முதல் பலகை.