மலம்புழையில் ஜப்பான் எங்கே?

பாலக்காட்டில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் காட்டுகிற இடம் மலம்புழைதான். அணையை 1955இல் திறந்துவைத்தவர் காமராஜர். மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் ஒரு மாவட்டம் என்பதையும் பிள்ளைகளிடம் சேர்த்துச் சொல்லிவிடலாம். அணையின் கீழுள்ள தோட்டத்தைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளில் 'ஜப்பானியப் பாணிப் பூங்கா' என்ற பெயரும் அடிபடுகிறது. சுற்றிப் பார்த்தவர்கள், "ஜப்பான் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டால் அதில் தப்பில்லை.

ஒழுங்காக வெட்டிய மலர்ப்பாத்திகள், நீரூற்றுகள், மாலையானால் வண்ண விளக்குகள். இது மைசூர் பிருந்தாவனத்தின் வழி. அதற்கும் மூத்தது காஷ்மீரின் மொகலாயத் தோட்டம். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஜப்பானியக் கணக்கு வேறு. அங்கே நேர்கோட்டை ஒதுக்குவார்கள். பூவைவிடக் கல், பாசி, நீர், வெற்றிடம் இவற்றுக்கே மதிப்பு. கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயில் முற்றத்தில் 15 கற்கள் உண்டு. எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துகொள்ளும். முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிவிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

இன்னொரு உத்தி 'ஷக்கெய்', அதாவது காட்சியைக் கடன் வாங்குவது. அதே கியோட்டோவின் என்ட்சூஜி கோயிலில், தோட்டத்து வேலிக்கு மேலே தூரத்து ஹியே மலை தெரியும்படி மரங்களுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறார்கள். மலைக்குச் செலவு இல்லை, நட்டு வளர்க்கவும் வேண்டாம். சிங்கப்பூர் ஜூரோங்கில் 1973இல் ஜப்பானியத் தோட்டம் அமைத்த கின்சாகு நகானேக்கு இப்படிப்பட்ட மலை கிடைக்கவில்லை. ஏரியும் மேடும் கொண்டே சமாளிக்க வேண்டியிருந்தது.

மலம்புழைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலையே பின்சுவராக நிற்கிறது! அதைக் கவனிக்க விடாமல் விளக்கும் ஊற்றும் கண்ணை இழுத்துவிடுகின்றன. என் கணக்கில் பெரிய குறை இதுதான். கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யக்ஷி சிலையை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். மலையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சிலையின் பருமனும் பொருந்துகிறது. ஜப்பானியர் செய்ததல்ல, ஆனாலும் அவர்கள் தலையாட்டுவார்கள்.

அடுத்த முறை போகிறவர்கள் விளக்குப் போடும் நேரத்துக்குக் காத்திராமல், மழை விட்ட ஒரு பிற்பகலில் போய், மேகம் மலையில் இறங்குவதைப் பாருங்கள். பிள்ளைகள் ஊஞ்சலுக்கு இழுப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து விடலாம்.