பாஷை மாறினால் ஆள் மாறுமா?

குமுளியில் தமிழ்நாட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கிச் சில அடி நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளின் எழுத்தும் மாறுகிறது. பேச்சில் மட்டும் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் ஆபீஸில் ஒரு மனு எழுத வேண்டிவந்தால், பல வருஷமாக இங்கே மலையாளம் பேசிவரும் நம்மவர்கூட எழுதிக் கொடுக்க ஆள் தேடுகிறார்.

இந்தச் சங்கடம் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய படம், லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் சர்வதேசப் படவிழாவில் காட்டப்பட்டு, 2023 ஜனவரி 19-ல் தியேட்டர்களுக்கு வந்தது. மலையாளப் படம்தான், ஆனால் தலைப்பு தமிழருக்கும் அப்படியே புரியும். வசனத்திலும் தமிழ் தாராளம். திரைக்கதை எஸ்.ஹரீஷ், ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்.

வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாள நாடகக் குழு. மத்தியானத் தூக்கம் கலைந்த ஜேம்ஸ், நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறான். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் சொந்த வீடுபோல நுழைகிறான். லுங்கி கட்டி, மாட்டைக் கவனித்து, சுத்தமான தமிழ் பேசுகிறான். அந்த வீட்டுச் சுந்தரம் காணாமற்போய் இரண்டு வருஷமாகிறது. தானே சுந்தரம் என்கிறான் இவன்! ஜேம்ஸாகவும் சுந்தரமாகவும் நடித்த மம்முட்டிக்கு 2022-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான கேரள அரசு விருது கிடைத்தது. சிறந்த படமும் இதுவே.

தமிழில் பேசும்போது அவன் குரலில் குடும்பத் தலைவனின் உரிமை வந்துவிடுகிறது. கூட வந்த மலையாள மனைவி வாசலில் அந்நியளாக நிற்கிறாள். ஆனாலும் ஊர் அவனை ஏற்கவில்லை. பாஷை சரியாக இருந்தால் மட்டும் ஒருவன் ஊர்க்காரன் ஆகிவிடுவதில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்காருபவன் நான். அந்த உரிமைக் குரலை அங்கே அடிக்கடி கேட்கிறேன். கூலி வேலைக்கு வந்த நம்மவர் மலையாளத்தில் தயங்கித் தயங்கி ஊர்ப் பெயரைச் சொல்வார். கொடுத்த பாக்கியைப் பார்க்காமலே சட்டைப் பையில் போடப் போவார். "எண்ணிப் பாருங்கண்ணே" என்று தமிழில் சொன்னதும் முகம் மலரும். நிதானமாக நின்று எண்ணுவார். இரண்டு ரூபாய் குறைந்தால் கேட்கவும் செய்வார்.

— நமது நிருபர்